சிறிய நிலையங்களிலும் நிற்கும் ரயில்



விரைவு ரயிலில் செல்கிறவர்களுக்குச் சிற்றூர்கள் வெறும் பெயர்ப்பலகைகள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள் தோன்றும். படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். பயணிகள் ரயிலில் செல்கிறவர்களுக்கோ, அந்தப் பலகையின் கீழே மூட்டையோடு காத்திருக்கும் மூதாட்டியின் முகமும் தெரியும். இரண்டு ரயில்களும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. நிற்கிறதா, நிற்காமல் போகிறதா என்பதே வேறுபாடு.

எங்கள் பகுதியில் செங்கோட்டையிலிருந்து மதுரைக்குச் செல்லும் பயணிகள் ரயில் அப்படி நிற்கிற ரயில். தென்காசி, கடையநல்லூர், பாம்புக்கோவில் சந்தை, சங்கரன்கோவில், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் என்று அது நின்று நின்றே மதுரைக்குப் போகும். பூக்கூடையோடு ஏறுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், சீசன் டிக்கெட்டில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனைக் கோப்பை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றன. பிறகு அவை விரைவு ரயில் கட்டணத்தில் ஓடத் தொடங்கியபோது, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024-இல்தான் அது மீண்டும் 10 ரூபாய்க்கு வந்தது. இருபது ரூபாய் வித்தியாசம் ஒரு பொருட்டா என்று கேட்கிறவர், மாதத்திற்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வரும் ஏழைக் குடும்பத்தின் கணக்கைப் பார்த்திராதவர்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை இந்த ரயிலில் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். காலையில் சங்கரன்கோவிலில் ஏறி, இரவில் அங்கேயே வந்து இறங்கினோம். அவருடைய அனுமதியோடு, பெயரை மட்டும் தவிர்த்து, அந்த ஒரு நாளைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் நாற்பது ஆண்டுகள் விசைத்தறியில் வேலை செய்தவர். ஓடுகிற தறியில் ஒரு இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்து, நொடியில் முடிச்சுப் போடக்கூடியவர். இரண்டு ஆண்டுகளாக அவருடைய வலது கண் முற்றிலும் இருண்டுவிட்டது. இடது கண்ணில் நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் யார் வந்தாலும் தெரியாது. ஆலயத்தில் அவருக்கு அருகில் வந்து நின்று சிலர் ஸ்தோத்திரம் சொல்வார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பெரியவருக்குப் பெருமை வந்துவிட்டது என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள். கண் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

கண் மருத்துவத்திற்கு மதுரையைத் தேடிப் போவது தென்மாவட்டத்து மக்களின் வழக்கம். மருத்துவர் கோ. வெங்கடசாமியைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். முடக்குவாத நோயால் விரல்கள் கோணிப்போன அவர், அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், தமது 58-ஆம் வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், முடியாதவர்களுக்கு இலவசம் என்பது அங்கே நடைமுறையாயிற்று. மற்றவர்கள் இறங்கி வீட்டுக்குப் போகிற வயதில், அவர் பிறருக்காக நின்றார். இந்த மண்ணில் இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்ததற்காக நாம் தேவனைத் துதிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாங்கள் போன மருத்துவமனையில் பெரியவருக்குப் பல பரிசோதனைகள் செய்தார்கள். கண்புரையாக இருக்கும், அறுவை செய்தால் பார்வை வந்துவிடும் என்பதே அவருடைய நம்பிக்கை. ஆனால் பிற்பகலில் மருத்துவர் எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். இது கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழித்துவிடும். பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும். நேர்ப்பார்வை கடைசிவரை இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கண்புரையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கலாம். அழிந்த நரம்பை மீட்க வழியில்லை. போன பார்வை போனதுதான். மிஞ்சியிருப்பதை வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். முடிவில் இன்னொன்றும் சொன்னார்: “இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.”

பெரியவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலை ரயிலில் திரும்பினோம். விருதுநகரைத் தாண்டியதும் ஒற்றை ரயில்பாதை. சிவகாசியில் அச்சகங்களிலும் பட்டாசு ஆலைகளிலும் வேலை முடித்தவர்கள் ஏறினார்கள். திருவில்லிபுத்தூரில் ரயில் வெகுநேரம் நின்றது. எதிரே சென்னைக்குச் செல்லும் விரைவு ரயில் வர வேண்டும். அது கடந்த பிறகே எங்களுக்குச் சிக்னல் கிடைக்கும். வெளியே இருட்டிவிட்டது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் பெரியவர் பேசினார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“பர்திமேயு கூப்பிட்டதும் ஆண்டவர் நின்னாரே. நானும் ரெண்டு வருசமா கூப்பிடுதேன். எனக்கு ஏன் நிக்கல?”

அன்பானவர்களே, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதில்கள் பல எனக்குத் தெரியும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் மாற்கு பத்தாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எரிகோவின் வழியோரத்தில் அந்தப் பார்வையற்றவன் கூப்பிட்டபோது, சுற்றியிருந்த ஜனங்கள் அவனைப் பேசாமல் இருக்கும்படி அதட்டினார்கள். துக்கத்தில் இருக்கிறவனுக்கு அவசரமாகக் கொடுக்கப்படும் பதிலும் பல வேளைகளில் அப்படிப்பட்ட அதட்டலாகவே ஆகிவிடுகிறது. கேள்வி அடங்கிவிடும், துக்கம் அப்படியே இருக்கும். ஆகவே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் கையை எடுக்கவில்லை.

விரைவு ரயில் பெரும் இரைச்சலோடு கடந்து போயிற்று. அதன் வெளிச்சம் எங்கள் பெட்டிக்குள் வரிவரியாக ஓடி மறைந்தது. மறுபடியும் அமைதி வந்தபோது பெரியவர் சொன்னார்: “எந்தம்பிக்கும் இருக்கலாமாமே.”

அந்த ஒரு வாக்கியத்தின் பாரம் எனக்குத் தெரியும். அண்ணனும் தம்பியும் ஒரே சுவரின் இருபுறத்தில் குடியிருக்கிறவர்கள். பாகப்பிரிவினையின்போது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நடைபாதை யாருக்கு என்ற வழக்கில் பிரிந்து, ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் போகவில்லை.

“நீங்க அவன்கிட்டச் சொல்லிருங்க ஐயா.”

“நான் சொல்லலாம் அண்ணாச்சி. ஆனா உங்க வாயால கேட்டாத்தான் அவர் கிளம்புவார்.”

அவர் மறுமொழி சொல்லவில்லை. சிக்னல் விழுந்தது, ரயில் நகர்ந்தது.

ஊருக்கு வந்தபிறகு நான் அந்த வேத பகுதியைத் திரும்பத் திரும்பத் தியானித்தேன். ஆண்டவர் அப்போது எருசலேமுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே சிலுவை அவருக்காகக் காத்திருந்தது. உலகத்தில் அதைவிட முக்கியமான பயணம் வேறில்லை. ஆனாலும் வழியோரத்தில் ஒரு பிச்சைக்காரனின் குரலுக்காக அவருடைய கால்கள் நின்றன. நின்றவர் அவனைத் தாமே கூப்பிடாமல், மற்றவர்களைக்கொண்டு கூப்பிடச் செய்தார். சற்றுமுன் அதட்டிய கூட்டத்திலிருந்தே இப்போது தைரியமூட்டும் குரல் எழுகிறது. ஆண்டவர் நின்றதால் அந்தப் பார்வையற்றவனின் கண்கள் மட்டும் திறக்கவில்லை. அவனைச் சுமையாக எண்ணியவர்கள் அவனுக்கு வழிகாட்டிகள் ஆனார்கள்.

அதற்கு முன்னும் ஒருமுறை ஆண்டவர் வழியில் நின்றிருக்கிறார். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், மரணத்தறுவாயில் இருக்கும் யவீருவின் மகளிடம் போகிற வழியில், தம்முடைய வஸ்திரத்தைத் தொட்ட ஒரு ஸ்திரீக்காக நின்றார். அந்த நிறுத்தத்தில் யவீருவின் உள்ளம் எவ்வளவு பதைத்திருக்கும்! ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் காத்திருந்தால்தான் இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேரும். காத்திருக்கிற ரயிலில் இருக்கிறவர்களுக்கோ அது வீண் தாமதமாகத் தோன்றும். அந்த நாளில் அந்த ஸ்திரீயும் சுகமானாள். யவீருவின் மகளும் எழுந்தாள். காத்திருக்கிற எல்லாருக்கும் நாம் விரும்பியபடியே முடியும் என்று நான் எழுதத் துணியமாட்டேன். பெரியவரின் வலது கண் இன்றும் இருளில்தான் இருக்கிறது.

ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வார இறுதியில் பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டே தம்பியின் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் ரயில் நிலையத்தில் மூன்று பேராக இருந்தோம். வழியில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது ஆண்டு மௌனம் ஒரு ரயில் பயணத்தில் தீர்ந்துவிடாது. ஆனால் மதுரையில் இறங்கி நெரிசலில் நடந்தபோது, இடதுபுறம் வந்துகொண்டிருந்த தம்பி, யாரும் சொல்லாமலே சுற்றி வந்து அண்ணனின் வலதுபுறம் நடக்கத் தொடங்கினார். பார்வை இல்லாத பக்கம் அது. தம்பிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பது அவருடைய காரியம். அதை நான் இங்கே எழுதுவது முறையாகாது. அவர் காலம் தாழ்த்தாமல் போனார் என்பது போதும்.

வாசிக்கிற உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, நாற்பது வயதைக் கடந்தவர்கள், அதிலும் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறவர்கள், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலியில்லை, எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். ஜெபிக்கிறவர்கள் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

இரண்டாவது, உங்கள் உள்ளத்தின் பக்கவாட்டுப் பார்வையையும் சோதித்துப் பாருங்கள். அவசரமும் அந்த நோயைப்போலவே வேலை செய்கிறது. வலி இல்லாமல் வரும். எதிரே இருக்கும் இலக்கு நன்றாகத் தெரிந்துகொண்டே இருக்கும்; பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக மறைந்துபோவார்கள். ஊழியம், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று நியாயமான காரணங்களுக்காகவே நாம் ஓடுகிறோம். அந்த ஓட்டத்தில் ஒரே சுவருக்கு அப்பால் இருக்கும் சகோதரன் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறான். இந்த வாரத்தில் நீங்கள் நிற்க வேண்டிய சிறிய நிலையம் எது? எத்தனை ஆண்டுகளாக அங்கே நிற்காமல் போகிறீர்கள்? அங்கே காத்திருக்கிறவரின் பெயர் இதை வாசிக்கும்போதே உங்கள் மனதில் வந்திருக்கும்.

ஜெபிப்போம்: எங்கள் கூக்குரலைக் கேட்கிற ஆண்டவரே, நாங்கள் கேட்டது கிடைக்காத வேளையிலும் உம்மிடம் கேள்வி கேட்க எங்களுக்கு இடங்கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். மிஞ்சியிருக்கிற பார்வையைக் காத்தருளும். அந்தப் பார்வையால் எங்கள் பக்கத்தில் இருப்பவர்களைக் காணச் செய்யும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க எங்கள் கால்களுக்குக் கட்டளையிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.