அம்மப்பாவின் அரைப்புள்ளி

'நாவற்குழி' என்று தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. கிரெப் கட்டளை அப்படித்தான், கிடைக்காவிட்டால் இல்லை என்றும் சொல்லாது.

ஆனால் அந்தச் சொல் உள்ளே இருக்கத்தான் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் போனது நாவற்குழிப் பாலத்தால்தானே. கொக்குவிலில் இருந்து நடந்த அந்தக் கதையை அம்மப்பா 2003இல், சமாதான காலத்தில், கொம்பியூட்டர் பழகி 43 சின்னக் கோப்புகளாக ரைப் பண்ணி ஒரு சீடியில் போட்டு வைத்தவர். இப்ப அவர் இல்லை. சீடி என்னிடம். என்னுடைய பழைய லப்டொப்பில் இருப்பது உபுண்டு.

திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துரு என்று விளங்கிவிட்டது. எழுத்துருவைப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. தேடினால் அப்பவும் ஒன்றும் இல்லை. பிறகு 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். இது ஆஸ்கி, அதாவது வெறும் ஆங்கில எழுத்து என்றது. விசயம் அதுதான். பாமினியில் கோப்புக்குள் தமிழே இல்லை. சின்ன 'எவ்' இருக்கிற இடத்தில் எழுத்துரு 'க' என்று படம் கீறும், பெரிய 'எவ்' இருந்தால் 'கு' என்று கீறும். யுனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் தனியாக இருக்கின்றன. நான் அந்தத் தமிழில் தேடினேன், கோப்பில் இருந்தது ஆங்கிலம்.

இணையத்தில் மாற்றித் தருகிற பக்கங்கள் இருக்கின்றன. ஊர்ச்சனத்தின் பெயர்கள் நிறைந்த கோப்புகளை எங்கேயோ கொண்டுபோய் ஒட்ட மனம் வரவில்லை. 'செட்' கட்டளையில் நானே மாற்ற வெளிக்கிட்டேன். பட்டுத் தெளிந்தவை இவை:

முதலில் 'சிபி' கொடுத்து முழுவதையும் பிரதி எடுங்கள். நான் எடுத்திருந்தேன், அதனால்தான் இந்தக் கட்டுரை.

நீளமானதை முதலில் மாற்றுங்கள். பாமினியில் 'கொ' மூன்று எழுத்து: கொம்பு, க, அரவு. நான் முதலில் 'க'வை மாற்றினேன். கொம்பு தனியாக, அரவு தனியாக நின்றது. முதலில் 'கொ', பிறகு 'கெ', பிறகு 'க்', கடைசியில்தான் 'க'. யுனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வரும் என்பதால் இந்த ஒழுங்கு கட்டாயம்.

கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். பாமினியின் புள்ளி உண்மையில் ஆங்கில அரைப்புள்ளி. மேற்கோள் இல்லாவிட்டால் 'கட்டளை முடிஞ்சுது' என்று ரேர்மினல் நினைத்துக்கொள்ளும். ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. 'ஜ' சதுர அடைப்புக்குறி. அதற்கு முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் செட் பிழை சொல்லும். நல்லது, விதிகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி, அதைச் செட்டுக்குக் கொடுப்பது.

மூன்றாம் நாள் 'நாவற்குழி' வந்தது. 11 வரிகள்.

அம்மம்மாவிடம் சொன்னேன். "விட்டிட்டு வந்த மாட்டைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரோ பார் பிள்ளை" என்றா. 'மாடு' என்று தேடினேன், இல்லை. அவருடைய முகம் போன விதத்தைப் பார்த்து யோசித்தேன். 'மாட்டை', 'மாட்டுக்கு' என்று எழுதியிருந்தால் 'மாடு' அகப்படாதே. தமிழில் சொல்லின் வாலை வெட்டித்தான் தேட வேண்டும். 'மாட' என்று கொடுத்தேன். 'வரமாட்டார்', 'குடுக்கமாட்டம்' எல்லாம் சேர்ந்து வந்தன. அவற்றுக்கு நடுவில், 31ஆம் கோப்பில்: மாட்டை அவிழ்த்து விட்டிட்டு வெளிக்கிட்டோம், இவ அழுதுகொண்டு வந்தா.

வாசித்துக் காட்டினேன். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எங்க அழுதனான்? அழுதது அவர்" என்றா.

அம்மப்பாவின் கோப்பில் கை வைக்கவில்லை. பக்கத்தில் 44ஆவதாக ஒன்று திறந்து, அம்மம்மா சொன்னதை அதில் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு வரி சொல்கிறா. சேர்க்கும்போது வலப்பக்க அம்புக்குறி இரண்டு போட வேண்டும். ஒன்று போட்டால் முன்னம் எழுதினது முழுக்க அழிந்துபோகும்.