புனித பவுல் குன்றில் ஒரு சமயப் பாடம்



"அது வெள்ளைக்காரர் சாமி" என்று ஒரு மாணவன் தன் கிறிஸ்துவத் தோழியிடம் சொல்வதை வகுப்பில் கேட்டேன். விளையாட்டுப் பேச்சுதான், ஆயினும் அச்சிறுமியின் முகம் வாடிவிட்டது. 1511இல் போர்த்துக்கீசியர் பீரங்கியோடு மலாக்காவைப் பிடித்தனர், அவர்களோடு கிறிஸ்துவமும் வந்தது என்ற அளவில் மட்டும் வரலாறு படித்தால், பிள்ளைகள் வேறெவ்வாறு எண்ணுவர்? இயேசு யூதர் என்பதும், அவர் வாழ்ந்தது ஆசியாவின் மேற்கு விளிம்பில் என்பதும் அவர்களுக்குப் புதுச் செய்திகள்.

அதனால் நான் புனித பவுல் குன்றிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். கூரையற்று நிற்கும் அப்பழைய ஆலயத்தின் முன் நம் மாணவர்கள் படமெடுத்துக்கொள்ளும் சிலை, புனித சவேரியாருடையது. அவர் 1545இல் மலாக்கா வருமுன், 1542இலேயே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்றவர். தமிழறியாத அவர், இருமொழி அறிந்தோரின் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனனம் செய்து, கைமணி அடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருளுக்கு முதலில் 'வேணும்' என்ற சொல்லே அமைந்துவிட்டது! அதனை 'விசுவாசம்' என மாற்றும்படி 1544இல் தம் உடனுழைப்பாளருக்கு அவரே எழுதினார். மொழி கற்பிக்கும் நமக்கு இதைவிடச் சுவையான சான்று வேண்டுமா? மலாக்காவிலும் மன்றாட்டுகளை மலாயில் ஆக்கி, அதே முறையில் கற்பித்தார்.

அன்று சிறுவர் மனனம் செய்த பிரமாணத்திலேயே கிறிஸ்துவத்தின் அடிப்படை அடங்கியுள்ளது: உலகைப் படைத்த கடவுள் ஒருவரே, இயேசு அவர்தம் திருமகன், சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், பாவங்களுக்கு மன்னிப்பு உண்டு. நம் மாணவர் கிறிஸ்துமசை நன்கறிவர். ஆனால் புனித வெள்ளிக்குத் தீபகற்ப மலேசியாவில் பொதுவிடுமுறை இல்லாமையால், இறப்பையும் உயிர்ப்பையும் நினைவுகூரும் அந்நாள்களை அறியார். அவையே இச்சமயத்தின் நடுநாயகம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஒரு மாணவர் 'திருமுழுக்கு' என்பார், மற்றவர் 'ஞானஸ்நானம்' என்பார், சடங்கு ஒன்றே. முன்னது பெரும்பாலும் கத்தோலிக்கர் வழக்கு, பின்னது சீர்திருத்தச் சபையார் வழக்கு. இப்பிரிவினையும் குன்றின் அடிவாரத்திலேயே காட்டலாம். 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினர். 1710இல்தான் புனித பேதுரு ஆலயம் எழ முடிந்தது. டச்சுக்காரர் தமக்கென 1753இல் கட்டி முடித்ததே, இன்று செந்நிறத்தில் நிற்கும் கிறிஸ்து ஆலயம். கிறிஸ்துவரைக் கிறிஸ்துவரே ஒடுக்கியதை மறைக்க வேண்டா, பிள்ளைகள் புரிந்துகொள்வர்.

இத்தகைய பாடம் மதமாற்றத்திற்கு வழியாகுமோ என்று பெற்றோர் சிலர் ஐயுறுவர். அக்கவலை இயல்பே. அதனால் நான் "கிறிஸ்துவர்கள் இவ்வாறு நம்புகின்றனர்" என்றே சொல்வேன்; "நாம் நம்ப வேண்டும்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. திருநீறு அணிந்த பிள்ளையும் சிலுவை அணிந்த பிள்ளையும் அருகருகே அமர்ந்து கேட்கின்றனர்.

குன்றிற்கு மாணவரை அழைத்துச் செல்வோர் காலையிலேயே ஏறுங்கள். ஆலயத்தின் உள்ளே கம்பிவலையிட்ட வெற்றுக் கல்லறை ஒன்றிருக்கும். 1553இல் சவேரியாரின் உடல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் சில மாதங்கள் இருந்த இடம் அது.