பண்டரிபாய்க்கு ஒரு வாரம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே 2011இல் ஹாரி டீன் ஸ்டான்டன் பெயரில் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். ஸ்டான்டன் அந்த மாநிலத்தில் பிறந்து, அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஹாலிவுட்டில் வாழ்நாளில் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களில் நடித்தவர். 1984இல் 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தில் முதன்மைப் பாத்திரம் வந்து சேர்ந்தபோது வயது 57ஐத் தாண்டிவிட்டது. கதாநாயகனாக இல்லாத ஒருவருக்கு அவருடைய மண் விழா எடுக்கிறது என்று படித்ததும் எனக்கு நடிகை பண்டரிபாய் நினைவுதான் வந்தது. அவருக்கும் அப்படி ஒரு வாரம் விழா எடுக்க வேண்டும்.

அவருடைய படங்களை வரிசையாகத் திரையிட பெங்களூருவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பட்கலில் பிறந்து, 1943இல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் அறிமுகமாகி, 2003 ஜனவரியில் சென்னையில் மறைந்தவர் அவர். தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து பேசும் அல்சூரிலும் சிவாஜிநகரிலும், அவர் யாருடைய நடிகை என்று கேட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் பதில் வரும்.

அவர் படங்களை ஆண்டு வரிசையில் பார்த்தால்தான் சில விஷயங்கள் புரியும். 1952இல் 'பராசக்தி'. சிவாஜிக்கு முதல் படம். பசியும் கோபமுமாகத் திரியும் குணசேகரனுக்கு, தன் வீட்டுத் துயரத்தைத் தாண்டி ஊரைப் பார்க்கக் கற்றுத்தரும் விமலா, பண்டரிபாய். 1954இல் 'பேடர கண்ணப்பா'. நம் கண்ணப்ப நாயனார் கதைதான். அதில் கதாநாயகனாக அறிமுகமான ராஜ்குமாருக்கு ஜோடியும் இவரே. இரண்டு மொழிகளின் இரண்டு பெரும் நடிகர்கள் கதாநாயகர்களாக முதல் அடி வைத்தபோது எதிரில் நின்றவர் ஒரே பெண். அதே 1954இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்'. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை எதிர்த்து நிற்கும் உஷாவாக அவர் நடித்ததை இன்று பார்த்தாலும் நெஞ்சு படபடக்கும்.

பிறகு 1969இல் 'தெய்வ மகன்'. சிவாஜிக்கு மூன்று வேடம். அப்பா சிவாஜிக்கு மனைவியும், மகன் சிவாஜிகள் இருவருக்கும் அம்மாவும் பண்டரிபாய்தான். 1986இல் 'அனுராக அரளிது'. ஒருகாலத்தில் ஜோடியாக நின்ற ராஜ்குமாருக்கு இப்போது தாய். அந்தப் படம் 1992இல் தமிழில் 'மன்னன்' ஆனபோதும் அம்மா மாறவில்லை. இதே பெங்களூரு பஸ்களில் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்துக்கு அவர் அம்மா ஆனார்.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. சிவாஜி, ராஜ்குமார், பண்டரிபாய் மூவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1986இல் ராஜ்குமாருக்கும் 57 வயது. அவர் காதலிக்கலாம், டூயட் பாடலாம். பண்டரிபாய் மட்டும் நரைத்த தலையோடு கட்டிலில் இருக்க வேண்டும். நம் சினிமா பெண்களுக்கு இதைத்தான் செய்தது, இன்றும் பெரும்பாலும் செய்கிறது. அவர் பொறுத்துக்கொண்டார் என்று இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கதாநாயகியாக இருந்த நாளிலேயே சொந்தமாக 'ராயர சொசெ' (1957) போன்ற படங்களைத் தயாரித்தவர் அவர். ஒதுங்கிப் போகிற சுபாவம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் தள்ளப்பட்ட இடத்தில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். என் வயதுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பக்கம் பக்கமாக வசனம் பேசும் சிவாஜிக்கு எதிரில், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் முகத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் அந்த வசனம் காற்றில் போய்விடும். பண்டரிபாய் கேட்பார். கண் கலங்குவதற்கு முன்னால் ஒரு கணம் கேட்டதை உள்வாங்கிக்கொள்வார். அந்த ஒரு கணத்தில்தான் காட்சி நிற்கிறது. 'மன்னன்' படத்தின் அம்மா பாட்டில் நோயில் முடங்கிய தாய்க்கு முகத்தைத் தவிர வேறு கருவியே இல்லை. மகன் கொண்டாடும் அளவுக்கு அந்தத் தாய் பெரியவள் என்று நாம் நம்புவது அந்த முகத்தால்தான். முன்னாள் கதாநாயகி என்ற ஏக்கம் அதில் துளியும் தெரியாது.

காலை நடைக்குப் பின் பூங்கா பெஞ்சில் உட்காரும் முதியவர்கள் நாங்கள் அதிகம் பேசுவது எதைப் பற்றி? வீட்டில் யாரும் நம்மைக் கேட்பதில்லை என்பதைப் பற்றி. முப்பது நாற்பது வருஷம் நம்மைக் கேட்டு நடந்த வீடு, இப்போது மகனையும் மருமகளையும் கேட்டு நடக்கிறது. சிலர் பேசாமல் சுருங்கிவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றிலும் தலையிட்டு மீண்டும் நடுவில் வந்து நிற்கப் பார்க்கிறார்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். பேத்தி பள்ளியிலிருந்து வந்து ஒரு சண்டையைச் சொல்லும்போது, புத்தி சொல்லாமல் அவள் முடிக்கும்வரை கேட்பது எத்தனை கடினமான வேலை என்பது இப்போதுதான் தெரிகிறது. முழு ஆளும் தேவைப்படும் வேலை அது. பண்டரிபாய் அதைத் தொழிலாகவே பல பத்தாண்டுகள் செய்தார்.

பனசங்கரியில் 1971 முதல் இயங்கும் சுசித்ரா திரைப்படச் சங்கம் போன்ற ஓர் இடம் இந்த ஒரு வார விழாவுக்குப் போதும். மைசூரின் குணச்சித்திர நடிகர் கே.எஸ். அஸ்வத்துக்கும், 'நாகரஹாவு' படத்தின் சாமய்யா மேஷ்டருக்காகவே, அடுத்த ஆண்டு ஒரு வாரம் ஒதுக்கலாம். முதலில் பண்டரிபாய்க்கு. தமிழ்ப் படங்களுக்குக் கன்னடத்திலும் கன்னடப் படங்களுக்குத் தமிழிலும் சப்டைட்டில் போடுங்கள். 'அனுராக அரளிது'வையும் 'மன்னன்' படத்தையும் அடுத்தடுத்த நாளில் வையுங்கள். ஒரே அம்மாவை இரண்டு மகன்களோடு சேர்த்துப் பார்க்கலாம். காட்சி மாலை நாலு மணிக்கு இருக்கட்டும். இருட்டிய பிறகு தனியே வீடு திரும்ப எங்களில் பலர் தயங்குவார்கள்.