மசியாத நோயும் தவறிய நாட்களும்

"நோய் சிகிச்சைக்கு மசியவில்லை" என்று வைத்தியர் கூறினார். அதைக் கேட்டதும் நம் நண்பர், தாமே ஏதோ பிழை செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். மலைநாட்டுத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டியவர் அவர். நம்மிடம் படித்த மாணவனொருவனின் தந்தை. வயதில் மூத்தவராயினும் நம்மை "மாஸ்டர்" என்றே அழைப்பார். அடிநாக்கில் எழுந்த புற்றுநோய்க்கு நகரத்து மருத்துவமனையில் அவருக்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கப்பட்டது. முடிந்த சில மாதங்களிற் கட்டி மீண்டும் தலைதூக்கிற்று. அடுத்த தைப்பொங்கலை அவர் காணவில்லை.

'மசியவில்லை' என்ற சொல் நம்மை நெடுநாள் உறுத்திற்று. ஒரே அளவு கதிரைப் பெறும் இருவருள் ஒருவர் பிழைக்க மற்றவர் மடிவது ஏன்? ஒருகாலத்தில் நம்மிடம் கற்று, இன்று புற்றுநோய்த்துறையிற் பணிபுரியும் இளம் வைத்தியர் ஒருவரிடம் கேட்டோம். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

கதிர், கலத்தினுள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அவ்வாறு அறுந்த இடத்தை மீண்டும் ஒட்டவிடாது நிலைபெறச் செய்வது ஒட்சிசன். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து ஒட்சிசன் ஏறக்குறைய 0.15 மில்லிமீற்றர் தூரமே கசிந்து செல்லும் என்பதை 1955ஆம் ஆண்டில் தொம்லின்சன், கிரே என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். கட்டி பருக்கப் பருக்க அதன் உட்புறம் ஒட்சிசனின்றித் திணறுகிறது. அந்தத் திணறலே கதிரிலிருந்து அதற்குக் காப்பாகிவிடுகிறது. இரத்தச்சோகை உள்ளவர்களிடமும், சிகிச்சைக் காலத்திலும் புகைபிடிப்போரிடமும் கதிரின் பயன் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு: சிகிச்சை வேளையில் இரத்தம் ஏற்றிப் பார்த்தும் அக்குறை தீரவில்லை. நெடுங்காலத்து வறுமையை ஒரு போத்தல் இரத்தத்தால் ஈடுசெய்ய முடிவதில்லை.

இரண்டாவது காரணம் கலத்தின் இயல்பிலேயே உள்ளது. சேதமுற்ற கலத்தை நிறுத்தி, வேண்டுமாயின் அது மடியுமாறு செய்யும் காவலாக பி53 என்னும் பரம்பரையலகு இருக்கிறது. புகையிலையால் உண்டாகும் புற்றுக்களிற் பெரும்பாலும் இக்காவல் கெட்டிருக்கும். மனிதப் பப்பிலோமா வைரசால் எழும் தொண்டைப் புற்றுக்களில் அது பெரும்பாலும் கெடாதிருப்பதால், அவை கதிருக்கு எளிதில் மசிகின்றன. 2010ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வைரசின் அடையாளம் காணப்பட்டோருள் நூற்றுக்கு 82 பேர் மூன்றாண்டின் பின்னும் உயிருடனிருந்தனர். ஏனையோருள் 57 பேரே இருந்தனர்.

நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவையே அதற்குப் பெருங்காரணம். புகையிலை சேராவிடினும் பாக்கு தனித்தே புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளது. நம் நண்பரின் மடியிலும் வெற்றிலைப் பை எப்போதும் இருந்தது. மலைக்குளிருக்கும் வெறுவயிற்றுக்கும் அதுவே அவர் கண்ட மருந்து. விழுங்கும்போது நோவும் கழுத்தில் ஒரு கட்டியும் தோன்றிய பின்னும் எட்டு மாதங்கள் கசாயத்தோடு கழிந்தன. மருத்துவமனைக்குப் போகும் நாளிற் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை.

மூன்றாவது காரணமே நம்மை அதிகம் வருத்துவது. இத்தகைய நோய்க்கு வாரத்தில் ஐந்து நாளாக, ஏழு வாரங்களில் 35 தடவை கதிர் கொடுப்பது வழக்கம். வெளிப்புறக் கலங்கள் மடிய மடிய உட்புறத்துக்கு ஒட்சிசன் எட்டுகிறது. நாள்தோறும் சிறுகச் சிறுகக் கொடுப்பதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று. ஆனால், ஏறக்குறைய நான்காம் வாரத்தின் பின், எஞ்சிய கலங்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. 1988ஆம் ஆண்டில் விதேர்சும் அவர்தம் தோழர்களும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோயை அடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலாகக் குறைகிறதென மதிப்பிட்டுள்ளனர்.

நம் நண்பருக்குத் தவறியவை ஒன்பது நாட்கள். இயந்திரம் பழுதாகி நான்கு நாள். மண்சரிவாற் பாதை மூடப்பட்டு இரண்டு நாள். எஞ்சிய மூன்றும் ஐந்தாம் வாரத்தில். துணைக்கு வந்த மனைவிக்கும் பேர் விழாததால் கைக்காசு முடிந்துவிட, கடன் கேட்கத் தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. புறப்படுமுன் நம்மிடம் கேட்டார்: "மாஸ்டர், மூணு நாளு போகாட்டி ஏதாச்சும் பிழையாகிருமா?"

"முப்பத்தைந்தில் மூன்றுதானே, பிறகு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்றோம். நன்கறிந்தவர்போலச் சொன்னோம்.

அந்த ஒன்பது நாட்களே அவரைக் கொன்றன என்று கூற நமக்கு உரிமையில்லை. ஒரு நாளும் தவறாதவர்களிடத்தும் நோய் மீள்வதுண்டு. கலத்துக்குள் நிகழும் அந்தப் போராட்டத்தில் விஞ்ஞானம் இன்னும் முழுவெற்றி பெறவில்லை. ஆயினும், 'மசியவில்லை' என்ற ஒரே சொல்லின் கீழ் இருவேறு சங்கதிகளை நாம் மறைத்துவிடுகிறோம். ஒன்று, கலத்தின் எதிர்ப்பு. அதனை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மற்றது, பிந்தி வந்த எட்டு மாதங்களும் தவறிய ஒன்பது நாட்களும். இவை எந்தக் கலத்திலும் எழுதப்பட்டவையல்ல. சம்பள முறையிலும், மாற்று இயந்திரமில்லாத ஏற்பாட்டிலும், நம்போன்றோரின் அறியாமையிலும் எழுதப்பட்டவை.

தவறிய நாட்களை ஈடுசெய்ய வழியுண்டு என்று அந்த இளம் வைத்தியர் கூறினார். ஆறு மணி நேரமாவது இடைவிட்டு ஒரே நாளில் இருமுறை கொடுக்கலாம், சனிக்கிழமையிலும் கொடுக்கலாம். அதற்கு இயந்திரமும் ஆட்களும் வேண்டும். நோயாளிக்கு நகரில் தங்க ஓரிடமும், சிகிச்சை நாட்களுக்குக் கூலியும் வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று, தொழிலாளியின் உரிமை. ஆசிரியர்களாகிய நாம் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணும், காரணமறியாக் கழுத்துக்கட்டியும் வீட்டில் எவருக்கேனும் உண்டா என்று மாணவரைக் கேட்கலாம்.

மூன்று நாள் போகாவிட்டாற் பிழையா என்று இனி எவரேனும் கேட்டால், பிழைதான் என்று சொல்வோம். சொன்ன கையோடு, அந்த மூன்று நாட் சம்பளத்துக்கு என்ன வழி என்பதையும் அவரோடு சேர்ந்து பார்ப்போம்.