காய்ந்த மணல்

ஜெலுத்தோங்கில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு நான் போனதே, நண்பரின் காடி சோதனையில் தேறாமல் போனதால்தான். அவர் இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். சொந்த உபயோகக் காடியை மலேசியாவில் ஆண்டுதோறும் யாரும் சோதிப்பதில்லை. பயணிகளை ஏற்றினால் கதை வேறு. 2019-இல் நடப்புக்கு வந்த விதிப்படி, மூன்று வயது தாண்டிய இ-ஹெய்லிங் காடி வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போயாக வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மைவி. பிரேக், விளக்கு, டயர் எல்லாம் தேறின. பின்குழாயில் சோதனைக் கம்பியைச் செருகியதும் கார்பன் மோனாக்சைடு எகிறிவிட்டது.

சோதனை மையத்தின் வாசலில் ஆள்பிடிக்க நின்ற ஒரு ரன்னர், "ஒரிஜினல் பைப் வாடகைக்கு இருக்கு. காலையில மாட்டி பாஸ் பண்ணிட்டு சாயங்காலம் கழட்டிக்கலாம், கௌதிம்" என்றாராம். நண்பர் ஒப்பவில்லை. நாள் முழுக்க அந்தக் காடிக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே.

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்றார். எல்லாரும் அழைப்பதுபோல நானும் அண்ணே என்றே அழைத்தேன். அவர் முதலில் காடிக்கு அடியில் போகவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஈரத்துணியால் பின்குழாயின் வாயை ஒரு நிமிடம் பொத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். முன்பக்கம் எங்கோ 'ஸ்ஸ்' என்றது. சூடு தணிந்த பிறகு குழாய்க்குள் காற்றை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நுரை குமிழ் விட்டது. பழைய வெல்டிங்கில் நகக்கீறல் அளவு விரிசல், ஆக்ஸிஜன் சென்சாருக்குக் கொஞ்சம் முன்னால்.

"புகை வெளிய போறதுதான் எல்லாருக்கும் தெரியும் தம்பி. இந்த ஓட்டை வழியா காத்து உள்ளயும் வரும்" என்றார். குழாய்க்குள் அழுத்தம் சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஏறி இறங்குகிறது. இறங்கும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. ஆக்ஸிஜன் அதிகம் என்று சென்சார் சொல்ல, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றுகிறது. எரியாத மிச்சம் புகையாகிறது. அதை வழியிலேயே சுத்தம் செய்ய வேண்டிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அங்கே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை ஒட்டவைத்திருந்தார். டேஷ்போர்டில் விளக்கு எரியாமலிருக்க இரண்டாவது சென்சாருக்கு ஸ்பேசர் போட்டு ஏமாற்றியும் இருந்தார்கள்.

முன்குழாயைப் புதிதாகச் செய்ய வேண்டும். மெஷினில் வளைத்தால் வளைவின் உட்பக்கம் நசுங்கும், புகைக்கு வழி குறுகும் என்பது அண்ணனின் கட்சி. ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். அதில் ஆற்று மணல். குவாலியில் கொட்டி, அடுப்பில் வைத்து, கடலை வறுப்பதுபோலக் கிண்டினார். கால் மணி நேரம் கிண்டிய பிறகும் ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்து மறுபடி போட்டார். பிறகு குழாயின் ஒரு வாயில் மரக்கட்டையை அடித்து இறுக்கி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தினார். மறுவாயையும் அடைத்தார். வளைய வேண்டிய இடத்தை மட்டும் கேஸ் தீயில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் சாய்த்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். குழாய் வாழைத்தண்டு போல வளைந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி அடைப்புக்கட்டையைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். அவர் தாடையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான், பதினாறு வயதில்.

நிபோங் திபால் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரரின் மகன். பதினைந்தில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து ஒரு சீனத் தவுக்கேயிடம் சேர்ந்தார். பட்டறையிலேயே படுக்கை. வெல்டிங் கைக்கு வருவதற்குள் ஹொக்கியன் வாய்க்கு வந்துவிட்டதாம். ஜார்ஜ்டவுனில் பீச் ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதியை ஹொக்கியன்காரர்கள் இரும்படிக்கும் தெரு என்றே அழைத்து வந்தார்கள். அந்த மரபில் வந்த தவுக்கே, தழும்பு விழுந்த அன்றும் திட்டவில்லை. மணலை மறுபடி வறுக்கச் சொன்னார். ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் பைக்குகளுக்குத் தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டி ஒட்டி எக்ஸோஸ் செய்ததுதான் அண்ணனின் பொற்காலம். நீளம் சரியாக இருந்தால், போன அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி வெளியே ஓடும் பெட்ரோல் காற்றைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். நாகஸ்வரம் செய்கிறவருக்கு இருக்க வேண்டிய கணக்கு இது.

இந்தக் கையைத்தான் ஊர் "சத்தக்காரன் கை" என்று ஏசுகிறது. சத்தத்துக்கு 1987-லும் பெட்ரோல் புகைக்கு 1996-லும் சுற்றுச்சூழல் தர விதிகள் வந்துவிட்டன. ரோட் ப்ளாக்கில் சமன் வாங்குவது குழாயை மாற்றிக்கொண்ட பையன்; திட்டு வாங்குவது வெல்டர். கன்வெர்ட்டரை வாங்கிப் போனவரை யாரும் கேட்பதில்லை. "பழசைக் கொடுத்துட்டா புதுப் பைப் சும்மா மாட்டித் தர்றோம்" என்கிறார்களே, அந்தச் சும்மாவுக்குள் இருக்கிறது சூட்சுமம். கன்வெர்ட்டரின் தேன்கூட்டுப் பீங்கானில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். 2021-இல் ரோடியம் ஓர் அவுன்சு ஏறக்குறைய 29,000 டாலர் வரை போனது. பழைய இரும்பு வியாபாரி தோட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தே மதிப்பைச் சொல்லிவிடுவார். பையனிடம் மட்டும் சொல்லமாட்டார். கழற்றியதில் லாபம் அவருக்கு. பிறகு சோதனைக்கு வாடகைக் குழாய் தருவதில் லாபம் இன்னொருவருக்கு. அந்த நச்சுக்காற்று கொம்தார் அடியில் பஸ்ஸுக்கு நிற்கிற கிழவிக்கு. 2024 ஆகஸ்டோடு வாகனச் சோதனையில் ஒரே நிறுவனத்தின் தனியுரிமை முடிந்தது. மையங்கள் கூடட்டும், நல்லதுதான். ஆனால் வெட்டியெடுத்த கன்வெர்ட்டரை விற்கவும் வாங்கவும் ரசீது வேண்டும் என்று கறாராகச் சொல்லாதவரை, எத்தனை மையம் திறந்தாலும் வாசலில் வாடகைக் குழாய் காத்திருக்கும்.

பட்டறையின் பின்சுவரில் ஒரு பலகை. அதன்மேல் ஏழெட்டுக் கன்வெர்ட்டர்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் காடி நம்பர். கழற்றியே தீருவேன் என்று அடம்பிடித்த பையன்களுடையவை. கழற்றிக் கொடுத்தேன், ஆனால் விற்கவில்லை என்றார் அண்ணன். மனசு மாறி வந்தால் திருப்பி மாட்டிவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார். ரன்னர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்களாம்.

அவற்றில் ஒன்று வேறொரு மைவியுடையது. "இதையே போட்டுடலாமே அண்ணே, ஆளும் வர்ற மாதிரி தெரியல" என்றார் நண்பர்.

"அது அந்தப் பையன் சாமான்" என்றார் அண்ணன். புதிய கன்வெர்ட்டர் பட்டர்வொர்த்திலிருந்து வர மூன்று நாள் ஆகும். மூன்று நாள் ஓட்டாமல் இருந்தால் வரவு போகும். நண்பர் ஒரு நிமிடம் யோசித்து, சாவியை மேசைமேல் வைத்தார்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் ஆறிய மணலை டின்னில் திருப்பிக் கொட்டி, மூடியைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரை இழுத்துக் கட்டினார்.