வெள்ளநீரில் நின்றுபோகும் எஞ்சின்

தில்லி ஜங்புராவில், முகலாயர் காலத்துப் பாராபுல்லா பாலத்தை ஒட்டிய கால்வாய்க் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவந்த மதராசி கேம்ப், கால்வாயைத் தூர்வாருவது தொடர்பான உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தென் தில்லியின் கழிவுநீரையும் மழைநீரையும் யமுனையில் கொண்டுசேர்க்கும் அக்கால்வாயில் பிளாஸ்டிக் பைகளும் கந்தல் துணிகளும் மிதந்து செல்கின்றன. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978இல் பதிவான 207.49 மீட்டரைக் கடந்தபோது, கரையோரத்தில் சிக்கிய மக்களையும் கால்நடைகளையும் மீட்கத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் படகுகள் இறங்கியதும் நகரத்தின் கழிவு கலந்த இத்தகைய நீரில்தான். அத்தகைய நீரில் படகு எஞ்சின் ஏன் நின்றுபோகிறது, அதன் காரணத்தைத் தொழிலறிந்தோர் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பவை ஆராயத் தக்கவை.

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படுவதும், எஞ்சின், செங்குத்துத் தண்டு, பற்சக்கரப் பெட்டி, புரொப்பல்லர் ஆகிய அனைத்தும் ஒரே தொகுதியாக அமைந்ததுமே அவுட்போர்டு எஞ்சின். இதன் நுட்பத்தை அன்றாடப் பிழைப்பின் வழியே கற்றவர்கள் கடற்கரை மீனவர்களும் அவர்களுக்குப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளும் ஆவர். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குள் மீனவர்களின் ஃபைபர் படகுகள் வந்தபோது, இந்தக் கடலறிவு நகர வெள்ளத்திற்கும் பயன்பட்டது.

எஞ்சின் நின்றதும் மூடியைக் கழற்றுவது அனுபவமுள்ளவரின் வழக்கமன்று. நங்கூரமிட்டோ துடுப்பாலோ படகை நிலைப்படுத்திய பின், அது எப்படி நின்றது என்பதையே அவர் முதலில் நினைவுகூர்கிறார். சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றிருந்தால், ஓட்டுநர் தவறி விழும்போது எஞ்சினை நிறுத்துவதற்காக அவர் உடலோடு பிணைக்கப்படும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கலாம், அல்லது தீப்பொறிக்கான மின்னிணைப்பு அறுந்திருக்கலாம். திணறித் திணறி நின்றிருந்தால் எரிபொருள் வரத்தில் தடையிருக்கலாம். வேகம் குறைந்து, சூடேறி நின்றிருந்தால் குளிர்விக்கும் நீர் வரவில்லை என்று கருத இடமுண்டு.

எரிபொருள் பக்கத்தில் முதலில் பார்க்கப்படுவது தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால், பெட்ரோல் குறையும்போது தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகி, எஞ்சின் சிறிது நேரம் ஓடியபின் நின்றுவிடும். குழாயின் இடையிலுள்ள, கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் சப்பிக் கிடந்தால் தொட்டிப் பக்கம் அடைப்பு உண்டு. எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால் குழாயில் காற்றுக் கசிவோ குமிழின் வால்வில் பழுதோ இருக்கலாம். அழுத்தும்போது மட்டும் எஞ்சின் உயிர்பெற்றால் எரிபொருள் பம்ப் தளர்ந்திருக்கலாம். பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், கலந்திருக்கும் நீர் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சுவதாலும், ஈரம் மிகும்போது எத்தனாலும் நீரும் தனி அடுக்காக அடியில் பிரிந்துவிடுவதாலும், மழைக்காலத்தில் இச்சோதனை இன்றியமையாதது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனையும் ஒரு சான்றாகிறது: பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை அல்லது எரிபொருள் மிகை, உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை.

நகர வெள்ளத்தில் மிகுந்த கவனத்திற்குரியது குளிர்விக்கும் அமைப்பு. பற்சக்கரப் பெட்டிக்கு அருகிலுள்ள துளைகள் வழியே உறிஞ்சப்படும் நீரை, இம்பெல்லர் எனும் ரப்பர் இதழ்ச் சக்கரம் மேலேற்றி எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்கிறது. அதில் ஒரு பகுதி மெல்லிய தாரையாகப் பின்புறம் பீறிடுவதால், அத்தாரை மெலிகிறதா என்று ஓட்டுநர் இடைவிடாமல் கவனிக்கிறார். ஒரு பிளாஸ்டிக் பை துளைகளை மூடினாலே தாரை மெலிந்து எஞ்சின் கொதிக்கும்; நீரின்றி உராயும் இம்பெல்லர் விரைவில் கருகும்; பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப்போகும். துணியோ கயிறோ புரொப்பல்லரில் சுற்றினால் சுமை தாங்காமலும் எஞ்சின் நிற்கும். இவ்விரண்டிலும் எஞ்சினை அணைத்துச் சாவியையோ பாதுகாப்புக் கயிற்றையோ கழற்றிய பின், கீழ்ப்பகுதியை நீருக்கு மேல் தூக்கிக் கழிவை அகற்றுவதே முறை; சுழலக்கூடிய நிலையில் கைவைத்தால் விரல்கள் துண்டாகும்.

எளிய காரணத்திலிருந்து கடினமான காரணத்திற்கும், வெளியிலிருந்து உள்ளேயும் செல்லும் இந்த ஒழுங்கே இத்தொழிலின் உயிர்நாடி. பதற்றத்தில் வரிசையை மீறிக் கார்புரேட்டரைப் பிரிப்பவர், திறக்காத ஒரு திருகுக்காக நடுவெள்ளத்தில் உயிர்களை ஆபத்துக்கு உள்ளாக்குகிறார். ஆகவே மீட்புப் படகுகளை வாங்குவதோடு நகரங்களின் கடமை முடிவதில்லை; மாற்று இம்பெல்லரும் பிளக்கும் வடிகட்டியும் ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும், அவற்றைப் பொருத்தத் தெரிந்த கைகளும் உடனிருக்க வேண்டும். அக்கைகளுக்கு உரிய மீனவர்களையும் மெக்கானிக்குகளையும் வெள்ளம் வந்தபின் உதவிக்கு அழைப்பதைவிட, மழைக்கு முன்பே ஊதியம் தந்து பயிற்றுநர்களாக அமர்த்துவதே அவர்களது அறிவுக்குச் செய்யும் நியாயமாகும்.