காவிரிக் கரையில் ஒரு பகலுணவு

ஓர் ஊர் மக்களைப் பற்றிச் செய்தித்தாள் சொல்வது வேறு. அவர்தம் அடுக்களை சொல்வது வேறு. பெங்களூரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். 1991ஆம் ஆண்டின் இறுதியிலும், மீண்டும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பேரால் இந்நகரில் நிகழ்ந்தவற்றை மறந்தவர் நம்முள் எவருமிலர்.

2017 கோடையில், அன்பர் சிலருடன் மண்டியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குக் கண் மருத்துவ முகாமில் தொண்டாற்றச் சென்றிருந்தேன். முதியோரைக் கைப்பிடித்து அழைத்து வருவதே என் பணி. நண்பகலில் மூதாட்டி ஒருவர், "ஊட்டா ஆயித்தா?" என்று வினவினார். ஊட்டா என்பது நம் ஊணுக்கும் ஊட்டுதலுக்கும் உடன்பிறந்த சொல். 'இன்னும் இல்லை' என்றேன். உடனே தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

தட்டில் ஆவி பறக்கும் ராகி முத்தே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் களி என்பது இதுவே. உடன் கீரையும் பயறும் வெந்த நீரில் ஆன உப்புசாரு. தொட்டுக்கொள்ள அரைத்த மிளகாய்க் காரம். கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டுமென அவர் மகன் உண்டு காட்டினார்.

பேச்சினிடையே என் பூர்வீகம் கேட்டனர். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றேன். மண்டியா உழவர் வீட்டில் அச்சொல்லுக்குள்ள கனம் அனைவரும் அறிந்ததே. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மூதாட்டி, அவ்வாண்டு தம் வயலுக்கு நீர் எட்டவில்லை, நெல் நடவில்லை என்று கூறிவிட்டு, "உங்கள் ஊரிலும் பயிர் கருகியிருக்குமே, உறவினர் என்ன செய்கிறார்கள்?" என்றார்.

என் சிற்றப்பா நிலத்தைத் தரிசாக விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றதைச் சொன்னேன். மகன் தாமும் பெங்களூருக்கு வேலை தேடி வர எண்ணியிருப்பதாகச் சொன்னார். மூதாட்டி மற்றோர் உருண்டையை என் தட்டில் இட்டார்.

கிருஷ்ணராஜசாகரத்திலிருந்து விசுவேசுவரய்யா கால்வாய் வழியே மண்டியா வயல்களில் பாய்வதும் காவிரி. மேட்டூர் கடந்து தஞ்சையை அடைவதும் காவிரி. 1974 முதல் பெங்களூர்க் குழாய்களில் வருவதும் அதுவே. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கருநாடகம் தமிழ்நாட்டிற்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்றும், கருநாடகத்தின் பங்கு 284.75 டி.எம்.சி. என்றும் அளவு வகுத்தது. நீரை அளந்து பங்கிடலாம், பங்கிடவும் வேண்டும், அதில் நம் உரிமையை நாம் விட வேண்டியதில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டின் துயரம் இரு கரைக்கும் பொதுவானது. அதனை அறிய வழக்குமன்றம் செல்ல வேண்டியதில்லை. ஒரு வேளை உடனுண்டால் போதும்.

அன்பர்களே, நம் தெருவிலும் அக்கேள்வி நாள்தோறும் நம்மை நோக்கி எழுகின்றது. வழக்கமாக 'ஆயித்து' என்று சொல்லிக் கடந்துபோகிறோம். ஒருநாளேனும் நின்று, அவர்கள் வாயிற்படியேறி உண்போம். மறுநாள் அவர்களை நம் இலைக்கு அழைப்போம். நம் பிள்ளைகள் அதனைக் கண்டு வளரட்டும்.